கெட்டியண்ணன்

பாகுக்குப் பதம் பார்ப்பது போல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு ஆயிலை வைத்தார். விரல்களை மெல்லப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கம்பி நிற்கவில்லை. முகம் சுண்டிப் போயிற்று.

“என்னுங்க தம்பி இது? ரசமாட்ட இருக்குது. இதை ஊத்தியா வண்டி ஓட்டறீங்க?”

வண்டி அவருடையதல்ல, ஆயிலும் அவருடையதல்ல. என் வீட்டு வாசலில், என் நூறு சிசி வண்டிக்கு அடியில் பழைய பேசினை வைத்து, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயில் வடியட்டும் என்று நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். போல்ட் கழன்ற ஐந்தாவது நிமிடத்தில் அவர் வந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். எங்கள் பீளமேட்டுத் தெருவில் எவன் வீட்டு வாசலில் ஸ்பேனர் சத்தம் கேட்டாலும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, லுங்கி தடுக்காமல், மெதுவாக வந்து நிற்பார். ஸ்பேனரைத் தொட மாட்டார். டார்ச் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார், நாம் பார்க்கும் இடத்தை விட்டுவிட்டு அவர் பார்க்கும் இடத்துக்கு.

அவர் காதில் விழாதபடி நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கெட்டியண்ணன்.

உலகத்தில் இருக்கிற சகலத்தையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று கெட்டி, இன்னொன்று தண்ணி. தயிர் என்றால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. சாம்பார் என்றால் கரண்டியை நட்டால் நிற்க வேண்டும். பெயிண்ட்டில் தின்னர் கலக்குகிறவன் திருடன். டீக்கடையில் கிளாஸை வெயிலுக்குக் காட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்து மரம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட தரகரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “பையன் கெட்டிங்களா?” என்பதுதான்.

அவரையும் குறை சொல்ல முடியாது. தமிழே அவர் கட்சிதான். அறிவாளிக்குப் பெயர் கெட்டிக்காரன். தாலி கட்டும்போது கொட்டுவது கெட்டி மேளம். வெளுக்காத சேலைக்குக் கெட்டிச் சாயம். தண்ணிக்கு என்ன மரியாதை இருக்கிறது இங்கே? தண்ணி காட்டினால் ஏமாற்று, தண்ணி போட்டால் குடிகாரன், உத்தியோகத்தில் தண்டனை என்றால் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றல். அங்கே தண்ணி இல்லாததும் தண்டனைதான் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தத் தத்துவம் சமையலறையோடு நின்றிருந்தால் எனக்கு நஷ்டமில்லை.

“கம்பெனி புக்குல 10டபிள்யூ-30தான் போடச் சொல்லியிருக்குதுங்கண்ணா” என்றேன், டப்பாவைக் காட்டி.

“டபிள்யூன்னா வெயிட்டுங்க தம்பி. பத்து கிலோவுல இருந்து முப்பது கிலோ வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். நீங்க எத்தனை கிலோ?”

“எழுபத்தி ரெண்டு.”

“அப்புறம்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 1911-லிருந்து எண்ணெய்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக அசையும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் ஓட்டம் அதிகம். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடாகி 100 டிகிரி செல்சியஸைத் தொட்டபோதும் எண்ணெயில் எவ்வளவு கெட்டி மிச்சமிருக்கும் என்பதைச் சொல்கிறது. இதையெல்லாம் பேசினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டபடியே அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“கோயமுத்தூர்ல ஏதுங்க வின்டர்? மார்கழி காலைல ஒரு மப்ளர் கட்டறமே, அதுக்கா இத்தனை நம்பரு?”

காலையில் முதல் உதை உதைத்தவுடன் எஞ்சினின் உச்சந்தலையில் இருக்கிற கேம்ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் ஏறிப் போக வேண்டும். போய்ச் சேர்கிற வரைக்கும் அங்கே இரும்போடு இரும்பு உரசும். சீக்கிரம் ஏறத்தான் இந்த ரசம் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்தது ரசம் மட்டும்தான்.

அவரிடம் உள்ள ஆபத்து, சொல்வதெல்லாம் பொய்யாக இல்லாததுதான். முழுப் பொய் என்றால் நாமே சமாளித்துவிடலாம். “அந்தக் காலத்துல ஏரோப்ளேனுக்கே விளக்கெண்ணெய்தான் ஊத்துனாங்க, தெரியுமுங்களா?” என்பார். அது உண்மை. முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கு விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் எளிதில் கரைந்து போகாது என்பது அதன் பெருமை. காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து 1909-இல் வந்ததுதான். எரியாத மிச்சத்தை எஞ்சின் பின்னால் வாரி இறைக்க, அதைச் சுவாசித்தும் விழுங்கியும் விமானிகளுக்கு வயிறு இளகிப்போன கதையும் உண்டு. அதை அவர் சொல்ல மாட்டார். கெட்டிக்கு எதிரான சாட்சியம் எதையும் அவர் பதிவு செய்வதில்லை.

அடுத்த அஸ்திரம் ஜி.டி. நாயுடு. கோயமுத்தூரில் வண்டியைப் பற்றி யார் வாதம் செய்தாலும் மூன்றாவது நிமிடத்தில் நாயுடு வந்துவிடுவார். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகப் பிரித்து மறுபடி பூட்டிப் படித்த மனிதர் அவர். “புக்கைப் பாத்தா நாயுடு படிச்சாரு?” என்று கெட்டியண்ணன் கேட்பார். நாயுடு பிரித்தார், பூட்டினார். நம்மவருடைய வரலாற்றில் முதல் பாதி மட்டும் உண்டு. அவர் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய புல்லட் எத்தனையோ வருஷமாகச் சாக்குப்பைகளில் பகுதி பகுதியாகத் துயில் கொண்டிருக்கிறது.

அந்த ஷெட்டுக்குள் போனவர் ஒரு டப்பாவோடு திரும்பி வந்தார். துருப்பிடித்த மூடி. பக்கவாட்டில் தூசிக்கு நடுவே பெரிதாக 90 என்று எழுதியிருந்தது.

“முப்பது பெரிசுங்களா, தொண்ணூறு பெரிசுங்களா?”

“இது கியர் ஆயிலுங்கண்ணா.”

“சரி. உங்க வண்டில கியர் எங்க இருக்குது? வெளியவா தொங்குது? எஞ்சினு, கியரு, கிளட்ச்சு எல்லாம் ஒட்டுக்கா ஒரே ஆயில்லதானே கெடக்குது? அப்புறம் அதுல கியர் ஆயில் ஊத்துனா என்ன கெட்டுப் போச்சு?”

நான் எம்.எஸ்ஸி. படித்தவன். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கிடைக்கவில்லை. ஆயில் வேறு ஓசி. எனக்கும் வண்டியின் டாப்பெட் சத்தம் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை.

ஓட்டை எங்கே இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். முதலாவது, அந்த 90 பெரிய எண்ணே அல்ல. கியர் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், எஞ்சின் ஆயிலுக்கு வேறொரு அளவுகோல். சட்டைக்கு 40, செருப்புக்கு 8 என்றால் சட்டை செருப்பைவிட ஐந்து மடங்கு பெரிதா என்ன? 90 என்ற கியர் ஆயில், கெட்டியில் கிட்டத்தட்ட 40, 50 என்ற எஞ்சின் ஆயிலின் அண்ணன் தம்பிதான். ஆக, கெட்டியண்ணன் கெட்டியிலும் ஏமாந்திருந்தார். இரண்டாவது, சரக்கு வேறு. பல்லோடு பல் நெரிகிற இடத்துக்கென்று கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து அதில் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் எரிந்து வருகிற கரியை அள்ளிச் சுமந்து, எங்கும் படியவிடாமல் வைத்திருக்கிற சோப்பு குணம் அதில் இல்லை. அது எஞ்சின் ஆயிலின் வேலை. மூன்றாவது கிளட்ச். நம் ஊர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் குளித்தபடியேதான் ஒன்றையொன்று பிடிக்கின்றன. கொஞ்சம் உராய்வு இருந்தால்தான் பிடி. கார்களுக்கு வழுக்கல் மருந்து சேர்த்த ஆயில்கள் பெருகியதும் பைக் கிளட்ச்சுகள் வழுக்க ஆரம்பித்தன. ஜப்பான்காரர்கள் 1998-இல் ஜாசோ என்று பைக்குக்குத் தனி முத்திரையே கொண்டுவந்துவிட்டார்கள். கிளட்ச் குளிக்கிற வண்டிக்கு எம்ஏ, குளிக்காத ஸ்கூட்டருக்கு எம்பி. டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

முதல் மூன்று நாள் வண்டி தியானத்தில் இருப்பது போல ஓடியது. டாப்பெட் சத்தம் அடங்கிவிட்டது. காலையும் மாலையும் கேட்டருகே நின்று, என் வண்டி போவதை அவர் காதால் வழியனுப்பினார். “சத்தம் கேக்குதுங்களா? கேக்காது.” கெட்டி எண்ணெய் சத்தத்தை மூடும். அதற்குக் காரணமான தேய்மானத்தை மூடாது. இது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. எதிர்வீட்டுக்காரர் தன் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கும் யோசனை கேட்டார். அது ஃபோர் ஸ்ட்ரோக். டேங்கில் டூடி ஆயில் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் டிவிஎஸ் 50 காலத்தில் பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலும் அடித்து வாங்கிய கை சும்மா இருக்குமா? “ஒரு மூடி ஊத்துங்க, எஞ்சினுக்கு ஊட்டம்” என்றார் கெட்டியண்ணன். மறுநாள் முதல் எங்கள் தெருவில் கொசுத் தொல்லை குறைந்தது.

ஐந்தாம் நாள் என் வண்டியின் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் முன்னே போயிற்று, வண்டி பின்னால் வந்தது. “கேபிள் லூசுங்க” என்று கிளட்ச் கேபிளை டைட் பண்ணச் சொன்னார்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை குன்னூரில் ஒரு ஒறம்பறைக் கல்யாணம். அவருக்கும் பத்திரிகை வந்திருந்தது. பஸ்ஸில் போவதாக இருந்தவர், “தம்பி, மலைலதான் ஆயிலோட அருமை தெரியும். நானும் ஒட்டுக்கா வர்றன்” என்று விடியற்காலையில் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் எடை தொண்ணூறுக்குக் குறையாது. டப்பாவில் போட்டிருந்த எண்ணுக்கு நேராக இருக்கிறதே என்று ஒரு கணம் எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

மேட்டுப்பாளையம் வரைக்கும் பாதகமில்லை. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி முனக ஆரம்பித்தது. இரண்டாவது கியர், முதல் கியர், முழு முறுக்கு. பக்கத்தில் ஒரு கிழவி விறகுக் கட்டோடு எங்களைத் தாண்டிப் போனாள். பர்லியாருக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவில், கருகிய நாற்றம் வந்தது. “எவனோ குப்பையைக் கொளுத்தறான்” என்றார். அடுத்து, தலைப்பகுதியிலிருந்து சரக் சரக் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு கிறீச். பின்சக்கரம் கட்டிப்போட்டது போல நின்று, வண்டி ஒரு முழம் தேய்ந்து, நாங்கள் இருவரும் தடுப்புக் கல்லில் கால் ஊன்றி நின்றோம். கிக்கரை மிதித்தேன். இறங்கவில்லை. அதன் மேல் ஏறியே நின்றேன். கெட்டியாக இருந்தது.

“இப்பச் சொல்லுங்க, கெட்டிங்களா இல்லீங்களா?” என்று கேட்க வாய் வரை வந்தது. வயதில் பெரியவர்.

குன்னூரில் கெட்டி மேளம் கொட்டிய முகூர்த்த நேரத்தில் நாங்கள் குரங்குகளுக்கு மத்தியில் உட்கார்ந்து பட்டாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு குட்டியானையில் வண்டியையும் தூக்கிப் போட்டு, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தோம். வழி நெடுக அவர் வருத்தமாகப் பேசியது மலையைப் பற்றித்தான். மலை ரொம்பச் செங்குத்தாக இருக்கிறதாம்.

எட்டே நாளில் எஞ்சின் பிடிக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். பிடிக்காது. என் வண்டி ஏற்கெனவே எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கிழம். கிளட்ச் தட்டுகள் பாதி ஆயுளில் இருந்தன. பழைய கரி உள்ளே அடை அடையாகக் கிடந்தது. சாகக் கிடந்தவனுக்குப் பக்கத்து வீட்டு வைத்தியம் பார்த்த கதைதான் என்னுடையது. ஆனாலும் வெள்ளி முதல் வெள்ளி வரை விரல் விட்டு எண்ணினால் எட்டு வருகிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்று வைத்தவன் மெக்கானிக்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் எஞ்சினைப் பிரித்தார்கள். மெக்கானிக் முப்பது வயது தம்பி. அடியிலிருந்த ஆயில் சல்லடையை உருவி என் உள்ளங்கையில் வைத்தான். வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. காப்பித்தூளை விளக்கெண்ணெயில் குழைத்து அப்பியது போலிருந்தது. “இது உங்க கிளட்ச் பிளேட்டுங்க சார். வழுக்கி வழுக்கி மாவாகி இங்க வந்து அடைச்சிருக்குது. பம்ப்பு எதை உறிஞ்சும்?” அடுத்து கேம்ஷாஃப்ட்டை எடுத்தான். வழவழவென்று கண்ணாடி போல இருக்க வேண்டிய அதன் மேடு, பூனை பிறாண்டியது போல வரி வரியாக இருந்தது. மேலே எண்ணெய் வராததால் முதலில் போனது அது. அப்புறம் பிஸ்டன். சிலிண்டர் சுவரில் நீளமாக நான்கு கோடுகள். நகத்தால் வருடினால் தட்டியது. லேத்தில் போர் போடுவதா, கிட்டையே மாற்றுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே, “யாருங்க சார் இதுல கியர் ஆயில் ஊத்துனது?” என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. யார் என்பது எனக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

“ஏந்தம்பி, ஆயில்னா கெட்டியா இருக்கோணுமா வேண்டாமா?” என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். “அண்ணன் எங்கீங்க வேலை?”

“மில்லுல ஃபிட்டருங்க. முப்பத்தோரு வருஷம். ரிங் ஃபிரேம் செக்‌ஷன்.”

“ஸ்பிண்டிலுக்கு என்ன ஆயிலுங்க ஊத்துவீங்க?”

“ஸ்பிண்டில் ஆயில்தான்.”

“அது எப்படிங்க இருக்கும்?”

கெட்டியண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். ஸ்பிண்டில் ஆயில், மண்ணெண்ணெய்க்குத் தம்பி மாதிரி, கையில் ஊற்றினால் விரலிடுக்கில் ஓடிவிடும். அத்தனை தண்ணி.

“எத்தனை சுத்துங்க சுத்தும்?”

“நிமிசத்துக்குப் பதினஞ்சாயிரம்.”

“உங்க சர்வீஸ்ல எத்தனை ஸ்பிண்டில் பிடிச்சிருக்குதுங்க?”

ஷெட்டில் சிறிது நேரம் ரேடியோ மட்டும் பேசியது. முப்பத்தோரு வருஷம் தினம் தினம் தண்ணியான எண்ணெயை ஊற்றி, ஆயிரக்கணக்கான கதிர்களைப் பதினைந்தாயிரம் சுற்று சுற்ற வைத்த மனிதர் அவர். அந்த அறிவை ஷிஃப்ட் முடிந்ததும் மில் கேட்டில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. அது அரை நிமிடம்தான் நீடித்தது.

“அது நூல் நூக்கறதுங்க தம்பி” என்றார் அவர், தெளிந்து. “இது ஆளை இழுக்கறது.”

பில் 7,800 ரூபாய் ஆயிற்று. வண்டி வந்தது. மெக்கானிக் ஊற்றியது அதே ரசம், 900 மில்லி. இதனால் கெட்டியண்ணனின் தொழில் படுத்திருக்கும் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் தெருவைத் தெரியாது. படுத்த எஞ்சின் ஒவ்வொன்றும் அவருக்கு அனுபவக் கணக்கில் வரவு. போன மாதம் புதிதாகக் குடிவந்த பையனிடம், “நம்ம சார் வண்டிலயே டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுங்க. தொண்ணூறு மலைக்குச் செட் ஆகாது. பிளெயின்ல ஓட்டறதுக்கு அடிச்சுக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். நான் இப்போது ஒரு பரிசோதனைச் சாலை.

நேற்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, என்னிடம் நீட்டினார்.

“டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறாருங்க. ரத்தம் கெட்டியாகுதாமா. அதைத் தண்ணியாக்கறதுக்கு மாத்திரையாமா.” குரலைத் தாழ்த்தினார். “தம்பி, நீங்க படிச்சவிங்க. நீங்களே சொல்லுங்க. ரத்தம் கெட்டியா இருந்தா நல்லதுதானுங்களே? தண்ணியாப் போனா அங்கங்க எப்படிங்க தாங்கும்?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்து.

“கம்பெனி என்ன சொல்லுதோ அதையே ஊத்துங்கண்ணா” என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி என் மனைவியிடம் கேட்டார்.

“அம்மிணி, குடிக்க சித்த மோர் இருக்குங்களா? கெட்டியா?”